கடைசி வயலுக்குத் தண்ணீர்

அப்பா காலையில் சைக்கிளை எடுத்தால் வாய்க்காலின் தலைப்புக்குப் போகமாட்டார். நேரே அதன் கடைசிக்குப் போவார். குளத்தின் மதகை, நாங்கள் துருசு என்பதை, திறந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். தலைப்பில் இருக்கும் வயல்களில் தண்ணீர் வரம்பை முட்டி நிற்கும். அங்கே நின்று பார்ப்பவருக்கு வட்டை முழுவதும் குளிர்ந்துவிட்டது போலத் தோன்றும். அப்பா அந்தத் தோற்றத்தை நம்பியதே இல்லை. வாய்க்கால் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கணவனை இழந்த ஒரு தாயின் ஒன்றரை ஏக்கர் வயல் இருந்தது. அந்த மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான், வட்டைக்குத் தண்ணீர் பாய்ந்ததா இல்லையா என்று அவர் சொல்வார்.

இலங்கையின் கிழக்குக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு வாய்க்காலை நம்பிக் கிடக்கும் வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். அந்த வட்டைக்குத் தண்ணீர் பங்கிடுவதற்கு விவசாயிகள் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்வார்கள். அவர்தான் வட்டவிதானை. அவருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று விவசாயிகளே அளந்து கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் வேறு ஆளைத் தெரிவு செய்வார்கள். அப்பா நவகிரிக் குளத்து வாய்க்கால் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் வட்டவிதானையாக இருந்தார். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், போரதீவுப்பற்றில் இருக்கிறது.

நான் அதே ஊரில் ஒரு சிறிய மா ஆலை நடத்துகிறேன். சிவப்பரிசி மா, குரக்கன் மா, மிளகாய்த்தூள் ஆகியவற்றை அரைத்து, வறுத்து, பொதியிட்டு களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளுக்கு அனுப்புகிறோம். இப்போது பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். அண்மையில் ஒரு தங்கை என்னிடம், தொழில் தொடங்கப் போகிறேன், ஆட்களை எப்படி நடத்துவது என்று எழுதித் தாருங்கள் அக்கா, என்று கேட்டாள். பிறருக்குப் பணி செய்வதே தலைமை என்று பலரும் பேசுகிறார்கள், அது உண்மையில் எப்படி இருக்கும் என்று அறிய அவளுக்கு ஆசை. இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. நான் பிழைவிட்ட இடங்களை மறைத்து எழுதினால் அவளுக்கு அது உதவாது.

முதலில் அப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன். போர்நிறுத்தம் இருந்த காலத்தில் வந்த ஒரு சிறுபோகம், மழை குறைந்த மாதங்களின் நெற்செய்கை, அது. குளத்தில் நீர் குறைவு. ஆரம்பக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முடிவு செய்திருந்தார்கள். வேளாண்மை குடலைப் பருவத்துக்கு, அதாவது கதிர் தாளுக்குள் திரளும் பருவத்துக்கு, வந்தபோது தண்ணீர் போதவில்லை. நெற்பயிர் மற்றக் காலங்களில் ஓரளவு தாகத்தைப் பொறுக்கும், குடலையிலும் பூக்கும்போதும் பொறுக்காது. கதிர் பதராகிவிடும். அந்த நாட்களில் தலைப்பில் பெரிய காணி வைத்திருந்த ஒரு போடியாரின் வக்கடைகள் இரவில் அகலமாகிக்கொண்டே இருந்தன. வக்கடை என்பது வயலுக்குத் தண்ணீர் விடுவதற்கு வரம்பில் வெட்டும் வாய். யார் வெட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வாய் திறந்து சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

அப்பா முதலில் செய்தது, வாய்க்காலின் நடுப்பகுதியில் இருந்த எங்கள் சொந்த வயலின் வக்கடையை மூடியது. எங்கள் வயலில் மண் வெடிக்கத் தொடங்கியது. அம்மா அன்று அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்புறம் அப்பா போடியார் வீட்டு வாசலுக்குப் போனார். நானும் மண்வெட்டியோடு பின்னால் போனேன். அப்பா குரலை உயர்த்தவில்லை. “போடியார், ஒருக்கால் என்னுடன் கடைசிவரைக்கும் நடந்து வாருங்கள்” என்று மட்டும் கேட்டார். இருவரும் வாய்க்கால் கட்டில் நடந்தார்கள். எங்கள் வயல் வந்தபோது அப்பா எதையும் சுட்டிக்காட்டவில்லை. போடியாரே நின்று பார்த்தார். கடைசி வயலை அடைந்தபோது அந்தத் தாய் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வரம்போரத்துப் பயிருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றரை ஏக்கருக்குக் குடத்தில் தண்ணீர். போடியார் ஒன்றும் பேசாமல் திரும்பினார். அன்று மாலை அவருடைய வயல் வேலைகளைப் பார்க்கும் முல்லைக்காரன் வந்து வக்கடைகளை மூடினான்.

அந்த நடையில் எங்களோடு இன்னொருவரும் வந்தார். ஊரில் வேலை இல்லாமல் திரிந்த ஓர் இளைஞர். அப்பா எங்கே போனாலும் அவரை அழைத்துப் போவார். வக்கடை வெட்டுவது, மூடுவது, முறை மாற்றுவது எல்லாவற்றையும் அவரைக் கொண்டே செய்விப்பார். அவர் வெட்டினால் நேரம் இரட்டிப்பாகும், சில நேரம் வரம்பே சரியும். அப்பா கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். “நீங்களே வெட்டினால் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாமே” என்று நான் சினந்தால், “அவனுடைய கை பழகட்டும் மகள்” என்பார். அந்தச் சொல்லை அன்று நான் காதில் வாங்கவில்லை. அதற்கு நான் பிறகு கொடுத்த விலை பெரியது.

2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் சண்டையால் இடம்பெயர்ந்து வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வந்தபோதும் அப்பாவைக் கவனித்திருக்கிறேன். முகாமில் அவருக்குப் பதவி ஒன்றும் இல்லை. ஆனாலும் சனங்கள் விதானையார் என்றே கூப்பிட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் அவர் கடைசியில் நிற்பார். பணிவுக்காக நின்றார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில், கடைசியில் நின்றால்தான் சோறு எந்த இடத்தில் முடிகிறது என்று தெரியும். இரண்டாம் நாள், கடைசிக் கூடாரங்களில் இருந்த முதியவர்களுக்குக் கறி எட்டவில்லை என்று கண்டார். மறுநாள் முதல் வரிசை பின்னாலிருந்து தொடங்கியது.

இப்படியான ஒருவரின் மகள் தொழில் தொடங்கினால் நல்ல தலைவியாகத்தான் இருப்பாள் என்று நான் என்னைப் பற்றி எண்ணிக்கொண்டேன். 2012 இல் ஒரு அரைக்கும் இயந்திரம், இரண்டு தாச்சி, இரண்டு பெண்கள், சிக்கனக் கடனுதவிச் சங்கத்தில் எடுத்த ஒரு கடன், இவ்வளவோடு எங்கள் வீட்டுப் பின்வளவில் தொடங்கினேன். நான்கு ஆண்டுகளில் பதினொரு பேர் ஆகிவிட்டோம். காலையில் முதலில் வருபவள் நான், இரவில் கடைசியாகப் போகிறவள் நான். யாருக்காவது காய்ச்சல் என்றால் முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஜனவரியில் கொப்பியும் குடையும் வாங்கிக் கொடுப்பேன். ஆள் குறைந்த நாளில் நானே தாச்சியின் முன்னால் நின்று மா வறுப்பேன். சாமான் அறைச் சாவி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். நெல் வாங்குவதும், விலை பேசுவதும், கடைக்காரரோடு வழக்காடுவதும் நான்தான். இதைத்தான் பணி என்று நம்பினேன். மற்றவர்களுக்காக என்னைத் தேய்க்கிறேன் என்ற நிறைவு எனக்குள் இருந்தது.

மா வறுப்பதில் எங்களிடம் கைதேர்ந்த ஓர் அக்கா இருந்தார். வயதில் என்னை விட எட்டு ஆண்டு மூத்தவர். ஆலையில் எல்லோரும் என்னை மிஸ் என்று அழைப்பார்கள், அவரும் அப்படியே அழைப்பார். வறுக்கும் மா நிறம் மாறுவதற்கு முன்பே மணம் மாறும். அந்த மணத்தைப் பிடிப்பதற்கு அவருக்கு நிகர் யாரும் இல்லை. 2016 இல் அவர் செவ்வாய்க்கிழமைகளில் நேரத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். இரண்டு மூன்று தடவை விட்டேன். பிறகு முகத்தைச் சுளித்தேன். பிறகு முடியாது என்றேன். அப்படி முடியாது என்று சொன்ன ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் கையில் முப்பது கிலோ மா கருகியது.

நான் எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன். என்ன சொன்னேன் என்று முழுவதும் எழுத இன்றும் கை வரவில்லை. சம்பளத்தில் கழிப்பேன் என்றும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, நான்காக மடித்து, அரிதட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஒரு கிழமை கழித்து மற்றப் பெண்கள் மெதுவாகச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமைதான் நுண்கடன் கம்பனியின் ஆள் ஊருக்கு வருவார். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற நால்வரும் அந்த இடத்தை விட்டு எழும்ப முடியாது. அந்த அக்காவுக்கு மூன்று கடன்கள். ஒன்றை அடைக்க மற்றொன்று எடுத்தது. அன்று அவருடைய தொலைபேசி சீலைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. குழுப் பெண்கள் வெயிலில் அவருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். மாவின் மணம் அவருக்கு எப்படி எட்டும்?

எங்கள் மாவட்டத்தில் அந்த ஆண்டுகளில் நுண்கடன் செய்த கொடுமையை அறியாதவர் இல்லை. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில் அரசு நிவாரணம் அறிவித்தது. அதற்குள் எங்கள் ஊரில் தோடு கழன்ற காதுகள் எத்தனையோ. என் ஆலையின் பதினொரு பேரில் ஏழு பேருக்கு அப்படியான கடன் இருந்தது. நான்கு ஆண்டுகள் அவர்களோடு ஒரே தாச்சியடியில் நின்ற எனக்கு அது தெரியாது. குடை வாங்கிக் கொடுத்த வீட்டில் என்ன பாரம் இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. கொடுப்பதற்கு முந்தினேன், கேட்பதற்கு முந்தவில்லை. கொடுப்பவளுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது.

பதினொராம் நாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். வெறுந்தேநீரும் கருப்பட்டித் துண்டும் தந்தார். கழித்த சம்பளத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். காசை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னார்: “மா கருகியது என் பிழைதான் மிஸ். அதற்குச் சம்பளம் வெட்டினீர்கள், சரி. ஏன் இப்படி என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம்.” திரும்ப வேலைக்கு வரவில்லை.

அந்தக் கிழமை அப்பா ஆலைக்கு வந்தார். அந்த ஆண்டுதான் முன்பக்கத்துக்கு மாபிள் பதித்து, பெயர்ப்பலகை வைத்து, வருகிறவர்கள் உட்காரக் கதிரைகள் போட்டிருந்தேன். அவற்றைக் காட்டலாம் என்று நின்றேன். அவர் முன்பக்கத்தில் நிற்கவே இல்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே பின்வளவுக்கு, அடுப்படிக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம். பெண்களோடு பலகையில் அமர்ந்து அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “பின்னுக்குப் புகை போக வழி இல்லை. அந்தப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தாயா?”

நான் போய்ப் பார்த்தேன். எல்லாக் கண்ணும் சிவந்திருந்தது. நானும் அந்த அடுப்படியில் நின்று வறுத்தவள்தான். ஆனால் நான் நின்றது ஆள் குறைந்த நாளில், ஒரு மணி நேரம். அவர்கள் நின்றது எட்டு மணி நேரம். வட்டையின் தலைப்பில் நின்று தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று சொல்பவர்களை நான் சிறு வயதிலிருந்து கண்டிருக்கிறேன். நானே அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்.

புகைபோக்கி வைத்தேன். சாப்பிடுவதற்குக் கூரை போட்டேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல் வேலையை நிறுத்தி எல்லோரும் இருந்து பேசுவது என்று வழக்கமாக்கினேன். முதல் மூன்று கிழமை ஒருவரும் பேசவில்லை. நான்தான் பேசினேன். நாலாம் கிழமை நான் வாயை மூடிக்கொண்டு ஒரு சுளகு மிளகாய்க்குக் காம்பு கிள்ளத் தொடங்கினேன். கை வேலையில் இருந்தால் வாய் திறக்கும் போலும். அன்று முதல் பேச்சு வந்தது. கழிப்பறைக் கதவின் கொண்டி உடைந்து ஓராண்டு ஆகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஆனால் இத்தனைக்குப் பிறகும் நான் பாதியைத்தான் படித்திருந்தேன்.

2017 இல் நாடு முழுவதும் டெங்கு பரவியது நினைவிருக்கும். அந்த ஆண்டு மட்டும் 186,000 பேருக்கு மேல் நோய் கண்டது. அதில் நானும் ஒருத்தி. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய மாதம். ஒரு கிழமை ஆஸ்பத்திரியில், இரண்டு கிழமை வீட்டுப் பாயில். சாமான் அறைச் சாவி கைப்பையில், கைப்பை ஆஸ்பத்திரிக் கட்டிலடியில். அரிசி கொண்டுவந்த லொறியை வாங்கவா வேண்டாமா என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரைத்த மாவைப் பொதியிடப் பைகள் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. கல்முனைக் கடைக்காரர் மூன்று தடவை அழைத்துவிட்டு வேறு இடத்தில் வாங்கினார். ஆண்டின் பெரிய விற்பனை போய்விட்டது. நான் திரும்பி வந்தபோது ஆலையில் வண்டு விழுந்த மா நான்கு மூடை இருந்தது.

எனக்குச் சினம் வந்தது. ஒருவருக்குமா தோன்றவில்லை என்று கேட்டேன். எங்களில் இளையவள், பொதியிடும் பிள்ளை, பயந்துகொண்டே சொன்னாள்: “நீங்கள் சொல்லாமல் எப்படி மிஸ் தொடுவது?” அது குற்றச்சாட்டு அல்ல. நான் ஐந்து ஆண்டுகள் படிப்பித்த பாடத்தை அவள் எனக்கே ஒப்புவித்தாள். எல்லாவற்றையும் நானே செய்வதைப் பணி என்று நினைத்தேன். அவர்களுடைய கையைப் பழகவிடாமல் வைத்திருந்தேன். அப்பாவோ ஓர் இளைஞர் வரம்பைச் சரித்துக்கொண்டு வெட்டுவதைப் பார்த்து, கைகட்டி நின்றவர்.

அதே ஆண்டு மட்டக்களப்பில் சிறு தொழில் செய்பவர்களுக்கான ஒரு பயிற்சியில்தான் றொபேட் கிறீன்லீஃப் என்ற பெயரை முதலில் கேட்டேன். அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. என்ற பெரிய தொலைபேசிக் கம்பனியில் 1926 முதல் 1964 வரை வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பின், 1970 இல், தலைவராக இருப்பவர் முதலில் பணியாளராக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். இன்று உலகம் முழுவதும் இதுபற்றிப் பேசுபவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பயிற்சியில் பேசியவர் கேட்பது, பரிவு காட்டுவது என்று பண்புகளைப் பட்டியலிட்டுக்கொண்டு போனார். எனக்கு அவை மனதில் நிற்கவில்லை. கிறீன்லீஃப் வைத்த சோதனைதான் நின்றது. உன்னால் பணி செய்யப்படுபவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா? முன்னைவிட அறிவுள்ளவர்களாக, சுதந்திரமாக, தாங்களே நடக்கக்கூடியவர்களாக ஆகிறார்களா? பிறருக்குப் பணி செய்யும் எண்ணம் அவர்களுக்கும் வருகிறதா? கூடவே அவர் கேட்கும் இன்னொன்று: சமூகத்தில் மிகவும் பின்தள்ளப்பட்டவருக்கு இதனால் என்ன ஆகிறது?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது நான் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டேன். கடைசி வயலின் மண்ணை அழுத்தும் அப்பாவின் கால் கண்முன் வந்தது. முன் பகுதியோ என்னைத் தலைகுனிய வைத்தது. என் ஆட்கள் என்னிடம் அன்பாக இருந்தார்கள், நன்றியோடு இருந்தார்கள். ஆனால் வளரவில்லை. நான் வளரவிடவில்லை.

இந்தச் சிந்தனை எங்கள் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் அறிவியல் படித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அந்தப் பதவிகளைவிட எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பது அவர் எழுப்பிய பள்ளிக்கூடங்களைத்தான். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929 இல் தொடங்கியது. சுவாமி 1947 இல் மறைந்தார். பள்ளிக்கூடம் நிற்கிறது, பிள்ளைகள் போய்வருகிறார்கள். என் ஆலை நான் மூன்று கிழமை இல்லாமல் நிற்கவில்லை.

சாவியை இரண்டு பேரிடம் கொடுத்தேன். எழுத ஒரு வரிதான், செய்வதற்கு எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதைவிடக் கடினமாக இருந்தது நெல் கொள்வனவு. நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அனுபவமுள்ளவர்கள் பல்லில் கடித்தே சொல்லிவிடுவார்கள். நான் பொதியிடும் அந்தப் பிள்ளையை நெல் சூடடிக்கும் களவெட்டிக்கு அழைத்துப் போய்ப் பழக்கினேன். ஆறாவது தடவை அவளைத் தனியே அனுப்பினேன். ஈரமான நெல் பன்னிரண்டு மூடை வாங்கி வந்தாள். மூடையில் கை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாச்சியடியில் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனவரின் நினைவு வந்தது. “கடித்துப் பார்த்தாயா?” என்று கேட்டேன். “பார்த்தேன் மிஸ், ஆனால் அவர் அவசரப்படுத்தினார், நான் வெட்கப்பட்டுப் போனேன்” என்றாள். ஆக, அவளுக்குத் தெரியாதது ஈரப்பதம் அல்ல, ஒரு வியாபாரியின் முன்னால் நிமிர்ந்து நிற்பது. கேட்டிராவிட்டால் நான் மீண்டும் ஈரப்பதத்தைத்தான் படிப்பித்திருப்பேன். அடுத்த தடவை அவளோடு இன்னொருத்தியையும் அனுப்பினேன். இன்று அவள் பேரம் பேசுவதைக் கேட்டு நானே ஒதுங்கி நிற்கிறேன்.

பணி செய்வது என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று பொருள் கொள்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் ஊழியர் சேமலாப நிதியில் பதியத் தொடங்கியபோது பெரும்பாலோர் மறுத்தார்கள். சம்பளத்தில் 8 சதவீதம் அவர்களிடமிருந்து போகும். நான் 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். “அந்தக் காசையும் கையில் தாருங்கள், பிள்ளைக்கு ரியூசன் காசு இருக்கிறது” என்றார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் சட்டம் ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் கட்டச் சொல்கிறது, அது அவர்களுடைய முதுமைக்கான காசு. நான் இணங்கவில்லை. இரண்டு பேர் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் ஐந்து ஆண்டுகள் நான் அதைக் கட்டாமல் இருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். கொப்பியும் குடையும் கொடுத்த அதே காலம். அவர்களுக்கு உரிமையாக வர வேண்டியதை மறந்துவிட்டு, என் விருப்பத்துக்குக் கொடுத்ததை நான் பெரிதாக எண்ணியிருக்கிறேன். பிறகு நிலுவையையும் சேர்த்துக் கட்டினேன், வலித்தது.

2021 இல் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரென்று தடை செய்தது. ஆண்டு முடிவதற்குள் திரும்பப் பெற்றாலும் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் விழுந்துவிட்டது. நெல் விலை ஏறியது. 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. டீசலுக்கு வரிசை. கணக்குப் பார்த்தால், இரண்டு பேரை நிறுத்தினால்தான் ஆலை தாக்குப்பிடிக்கும் என்று எனக்குப் பட்டது. கடைசியாகச் சேர்ந்த இருவர் என்று மனதில் முடிவும் செய்துவிட்டேன். சொல்வதற்கு முன், செவ்வாய்க்கிழமை, காசுப் புத்தகத்தைப் பாயில் விரித்து வைத்தேன். இவ்வளவு காசு, இவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்லிவிட்டு இருந்தேன்.

அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். நான் நிறுத்த நினைத்த இருவரில் ஒருத்தியின் வீட்டில் உழைப்பவள் அவள் மட்டும்தான், கணவர் விழுந்து படுத்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. கடைசியில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: “ஒருவரையும் நிறுத்த வேண்டாம் மிஸ். எல்லோரும் கிழமைக்கு நான்கு நாள் வருகிறோம். கரண்ட் இரவில் வந்தால் இரவில் வருகிறோம், சேர்ந்து வந்தால் பயமில்லை.” ஏழு மாதம் அப்படி நடந்தது. இரவு பதினொரு மணிக்கு விளக்கு வந்ததும் டோர்ச்சோடு ஒழுங்கையில் பெண்கள் வரிசையாக வருவார்கள். பெரிய முடிவுகளைத் தலைவர்தான் எடுக்க வேண்டும் என்று இன்னும் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். நான் எடுத்திருந்தால் பிழையாக எடுத்திருப்பேன்.

வீட்டைப் பற்றி ஒன்று மட்டும். ஆலையில் சாவியைக் கொடுத்தவள் வீட்டில் கொடுக்கவில்லை. என் மகன் பத்தாம் வகுப்புக்கு வந்தும் அவனுடைய புத்தகப் பையை நானே அடுக்கினேன். ஒரு நாள் அவன், “ஆலையில் உள்ள அக்காமாரை நம்புகிறீர்கள், என்னை நம்பமாட்டீர்களா அம்மா?” என்று கேட்டான். அன்றிலிருந்து அந்தப் பையைத் தொடுவதில்லை. அவன் கணக்குக் கொப்பியை மறந்துவிட்டுப் போன நாட்களில் அதை மேசையில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. சைக்கிள் ஓட்ட முடியாது. அன்று வரம்பைச் சரித்துக்கொண்டு வெட்டிய அந்த இளைஞர்தான் இப்போது வட்டவிதானை. அவரும் ஒரு பையனை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிகிறார்.

சென்ற ஆண்டு மண்டூரில் ஒரு கடையில் பெயரில்லாத பொலித்தீன் பையில் சிவப்பரிசி மா கண்டேன். முகர்ந்ததும் யாருடைய கை என்று தெரிந்துவிட்டது. அந்த அக்கா கடன்களை அடைத்து முடித்து, அதே கடன் குழுவின் நான்கு பெண்களையும் சேர்த்துக்கொண்டு தன் வளவில் வறுக்கிறாராம். எங்கள் மாவைவிட நன்றாக இருந்தது. கிறீன்லீஃப்பின் சோதனையில் என் ஆலையிலிருந்து வளர்ந்தவர்களை எண்ணும்போது அவரை நான் சேர்ப்பதில்லை. அவர் என்னால் வளரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு அழைப்பு வந்தது. “தங்கச்சி” என்றார். மிஸ் என்று அழைக்கவில்லை. “லேபிள் எங்கே அடிக்கிறீர்கள்? கடைக்காரர் லேபிள் இல்லாமல் எடுக்கமாட்டேன் என்கிறார்.”

நாங்கள் இருவரும் பஸ்ஸில் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்குப் போனோம். பிரதேச செயலகத்தில் தொழிலைப் பதிவது, சுகாதாரப் பரிசோதகர் என்னென்ன கேட்பார், அச்சகத்தில் ஆயிரத்துக்கு என்ன விலை, பொதிக்கு எவ்வளவு இலாபம் நிற்கும், எந்தக் கடைக்காரர் காசை இழுத்தடிப்பார், எல்லாவற்றையும் வழியில் சொன்னேன். அச்சகத்தில் நான் கதிரையில் இருந்தேன். அவர் மேசையடியில் நின்று நிறத்துக்கு வழக்காடினார். பச்சை வேண்டாம், அது இவர்களுடைய லேபிளின் நிறம், சனங்களுக்குக் குழப்பம் வரும் என்றார். மஞ்சளில் முடிவானது. மாதிரித் தாளை என்னிடம் நீட்டி, “எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் தங்கச்சி” என்றார். ஐந்து பெண்களின் பெயரும் வரிசையாக இருந்தன. அவருடைய பெயர் கடைசியில் இருந்தது.